ஹியோங் பியா யார் கையில் சுடும்

லாவ் தௌக்கே கடை ஹியோங் பியா பிஸ்கட், அதை வாங்கியவர் யாரை மனத்தில் வைத்துக்கொண்டு வாங்கினாரோ அவர் கையில் மட்டும் அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்ததுபோலச் சுடத் தொடங்கிய வருடத்தில், எங்கள் புக்கிட் செராயில் நிச்சயமான இரண்டு கல்யாணங்கள் நின்றன, யாரும் எதிர்பார்க்காத நான்கு கல்யாணங்கள் நடந்தன, கோயில் தலைவர் தேர்தல் ஒத்திவைக்கப்பட்டது, நான் சட்டம் படிக்கக் கோலாலம்பூருக்குப் போனேன். இவற்றில் கடைசியாகச் சொன்னதை மட்டும்தான் ஊரார் அதிசயம் என்றார்கள்.

புக்கிட் செராய் எங்கே இருக்கிறது என்று கேட்கிறவர்களுக்கு: பழைய பெருஞ்சாலையில், வடக்கே போகிற பேருந்தும் தெற்கே போகிற பேருந்தும் பத்து நிமிடம் நின்று மூச்சு வாங்குகிற இடத்தில் இருக்கிறது. அந்தப் பத்து நிமிடத்தில் பயணிகள் இரண்டே காரியம்தான் செய்வார்கள், ஒன்றைக் கழிப்பறையில், மற்றதைச் சீன முதலாளி லாவ் தௌக்கேயின் கடையில். கடையின் பின்கட்டில் ஆள் உயரப் பானைபோல நிற்கிற மண் அடுப்புகளின் உள்சுவரில் வட்ட வட்டமாக மாவை அப்பித் தேங்காய் மட்டை நெருப்பில் வேகவைத்து எடுப்பார்கள். முதுகில் எள், வயிற்றுக்குள் மால்ட் சர்க்கரையும் வதக்கிய சின்ன வெங்காயமும் கலந்த ஒட்டுப்பாகு, கடித்தால் மேல்தோல் சட்டையெல்லாம் உதிரும், உள்ளே இருப்பது பல்லோடு சண்டை போடும். முன்னொரு காலத்தில் பன்றிக் கொழுப்பில் செய்தார்கள், லாவ் தௌக்கே பொறுப்புக்கு வந்து தாவர எண்ணெய்க்கு மாற்றிய பிறகு எல்லா வீட்டுக்கும் போனது, எங்கள் அம்மா வெள்ளிக்கிழமையிலும் வாங்கினார். பக்கத்துத் தட்டுகளில் பச்சைப்பயறு வைத்த குட்டி பிஸ்கட்டும், எள் மிட்டாயும், தாமரை விதைக் கேக்கும் இருந்தன, ஆனால் அவை எந்தக் காலத்திலும் யார் கையிலும் சுட்டதில்லை, ஆகையால் அவற்றைப் பற்றி நான் பேசப்போவதில்லை.

யார் வீட்டுக்கும் வெறுங்கையோடு போகக்கூடாது என்று நாம் சொல்கிறோம், சீனர்களும் சொல்கிறார்கள், மலாய்க்காரர்கள் ஊரிலிருந்து வாங்கிப்போகிற பண்டத்துக்குக் கையின் பழம் என்று பேரே வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் மூன்று இனமும் கூட்டம் போடாமல் ஒத்துக்கொண்ட ஒரே சட்டம் அதுதான். அப்படிப்பட்ட ஊரில் ஒரு அடைமழைக்குப் பிறகு ஓர் அடுப்பு விரிசல் விட்டது, லாவ் தௌக்கே ஆற்றங்கரைக் களிமண்ணைக் கொண்டுவந்து பூசினார், மறுநாளிலிருந்து பிஸ்கட் சுட்டது. ஏன் சுடுகிறது என்று யாரும் மெனக்கெடவில்லை. யார் கையில் சுடுகிறது என்பதற்கே ஊருக்கு நேரம் போதவில்லை.

முதலில் பேருந்து ஓட்டுநர் ஜெயபாலன் மனைவிக்கு வாங்கிப்போன பெட்டி மனைவி கையில் ஜில்லென்று இருந்து, டிக்கெட் முகப்பில் இருக்கிற பெண்ணின் கையில் சுட்டது. பிறகு சீனர் வீட்டு நிச்சயதார்த்தத்துக்கு மாப்பிள்ளை அனுப்பிய பெட்டிகளைப் பெண்வீட்டார் வழக்கப்படி உறவுக்கும் நட்புக்கும் பங்கு வைத்தபோது, மணப்பெண்ணின் பள்ளித் தோழி "ஐயோ" என்று உதறியது தெருமுனைவரை கேட்டது. மளிகைக்கடை சிதம்பரநாதன் தைப்பிங்கிலிருக்கும் மாமியாருக்குக் கொண்டுபோன பிஸ்கட் அந்த அம்மாவின் உள்ளங்கையில் கொப்புளமே போட்டுவிட்டது என்று செய்தி வந்ததும், இப்படி ஒரு மருமகன் எங்கே கிடைப்பான் என்று ஊர் உருகி, கோயில் திருவிழாவில் அவருக்குப் பொன்னாடை போர்த்தியது. மேடையில் அவர் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்ததை அடக்கம் என்றார்கள். அதே கோயிலின் தலைவர் பதவிக்கு நின்ற மாரியப்பன் வாக்காளர்களுக்குக் கொடுத்த பிஸ்கட் இருநூறு கைகளில் ஆறிக்கிடந்து, போட்டிக்கு நின்ற சந்தனசாமியின் கையில் மட்டும் கனன்றபோது, உள்ளுக்குள் இவர்கள் அண்ணன் தம்பி அல்லவா என்று பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், தேர்தலைத் தள்ளிவைத்தார்கள்.

ஊர் மெல்ல மெல்ல அதற்கேற்ப வளைந்துகொண்டது. மைக்ரோவேவில் சூடாக்கிக் கொடுத்து ஏமாற்றப் பார்த்தவர்கள் உண்டு, ஆனால் அப்படிச் செய்தால் பாகு உருகி ஒழுகி, தோல் தொளதொளத்து, அரை நொடியில் மாட்டிக்கொண்டார்கள். கடன் கேட்கப் போகிறவர்கள், பிஸ்கட் சுடுகிறதென்று காட்ட, கையுறை போட்டுக்கொண்டு கொடுத்தார்கள். அலுவலகத்துக்கு வாங்கிப்போகிறவர்கள் வம்பே வேண்டாம் என்று ஓய்வுபெற்ற தபால்காரர் ஆரோக்கியசாமியை அனுப்பி வாங்கச் சொன்னார்கள், ஏனென்றால் அவருக்கு உலகத்தில் ஒருவர் நினைப்பும் கிடையாது, அவர் வாங்கிய பெட்டி எல்லார் கையிலும் சமமாக ஆறிக்கிடக்கும். ஏழு மாதம் அந்தத் தொழில் செய்தார், எட்டாவது மாதம் கிளினிக்கிலிருக்கும் தாதி ஒருவரின் கையில் சுட்டுவிட்டது, தொழில் போனது, கல்யாணம் ஆனது. பெட்டி பிரிப்பது பொதுக்காரியமாகிவிட்டது. யார் வீட்டில் பெட்டி வந்து இறங்கினாலும் பிரசவத்துக்கு வருகிறதுபோல அக்கம்பக்கத்தார் கூப்பிடாமல் வந்து நின்றார்கள். எங்கள் தாமான் குடியிருப்பில் அந்தப் பொறுப்பை எதிர்வீட்டுப் பவளமக்கா எடுத்துக்கொண்டிருந்தார். யார் கையில் எத்தனை சூடு என்பதற்கு அவர் வாய்தான் பதிவேடு.

நான் அப்போதே லாவ் தௌக்கேயிடம் போய் வாதாடினேன். "தௌக்கே, ஒருத்தர் மனசுல இருக்கிறத அவர் சம்மதமில்லாம வெளிய காட்டுறது தப்பு இல்லையா? இதுக்கு யார் பொறுப்பு?" என்று கேட்டேன்.

தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகளோடு வளர்ந்தவர் அவர். மாவு ஒட்டிய விரலால் சுவரைக் காட்டினார். *சூட்டுக்குக் கடை பொறுப்பல்ல* என்று மூன்று மொழியில் எழுதி ஒட்டியிருந்தது. "நான் மாவு பிசையிறேன் தங்காச்சி," என்றார், "மனசு பிசையல."

அது பதிலா? நீங்களே சொல்லுங்கள். ஆனால் அன்றைக்கு எனக்கு அது பொதுநலச் சண்டை. என் கையில் எதுவும் ஆறிக்கிடக்கவில்லை.

இனி என் வழக்குக்கு வருகிறேன். அப்பா எனக்குப் பத்து வயதாகும்போது இறந்துவிட்டதால் இந்தச் சோதனையிலிருந்து தப்பித்தார். மிச்சம் இருந்தது அம்மாவும் நானும். அம்மா பேர் இந்திராணி, கையுறைத் தொழிற்சாலையில் ஓட்டை பார்க்கிற வேலை. ஒவ்வொரு கையுறைக்குள்ளும் தண்ணீர் ஊற்றித் தூக்கிப் பிடித்து ஊசிமுனை ஓட்டையையும் கண்டுபிடிப்பார், அதே கண்ணோடு வீட்டுக்கு வந்து என்னையும் பார்ப்பார். அண்ணன் இல்லை, தங்கை இல்லை, பூனைகூட இல்லை. ஆக, அம்மா ஒரு பெட்டி ஹியோங் பியா வாங்கினால் அது சுடுவதற்கு உலகத்தில் ஒரே ஒரு கைதான் உண்டு, குமுதினியாகிய என் கை. இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை என்று நான் நினைத்தது தர்க்கப்படி சரி. இன்றைக்கும் சொல்வேன், தர்க்கப்படி சரி.

பல்கலைக்கழக விடுதியில் எனக்கு அறைத்தோழியாக வாய்த்தவள் தாட்சாயணி. மருந்தியல் மாணவி. அம்மா இல்லாதவள், அப்பா சிங்கப்பூரில் வேலைக்குப் போய் அங்கேயே வேறு குடும்பமாகிவிட்டவர், இரண்டு சித்திகள் வீட்டிலும் ஓர் அத்தை வீட்டிலும் மாறி மாறி வளர்ந்தவள். ஆரம்பத்தில் அவளை எனக்கு எவ்வளவு பிடித்தது என்றால், அம்மாவிடம் ஃபோனில் பேசுகிற இருபது நிமிடத்தில் பதினைந்து நிமிடம் அவளைப் பற்றித்தான் பேசுவேன். தாட்சா ரைஸ் குக்கரிலேயே ரசம் வைக்கிறாள் அம்மா, தாட்சா என் தலையைப் பின்னிவிட்டாள் அம்மா, எனக்குக் காய்ச்சல் வந்தபோது தாட்சாதான் பக்கத்திலேயே இருந்தாள் அம்மா. அம்மா "ம்ம்" என்பார். "நல்ல பிள்ளை" என்பார். பிறகு ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிடுவார்.

முதல் பெட்டி இரண்டாம் மாதம் வந்தது. ஜெயபாலன் அண்ணன் பேருந்தில் கொண்டுவந்து கொடுத்ததை மடியில் வைத்துக்கொண்டு ரயிலேறி, விடுதிக்கு வந்து, கதவைச் சாத்தி, கையைக் கழுவித் துடைத்து, சாமிக்கு முன்னால் திறக்கிறதுபோலத் திறந்து ஒன்றை எடுத்தேன். ஆறிப்போயிருந்தது. பேருந்தின் குளிர்சாதனம் என்று நினைத்தேன். இரண்டாவதை எடுத்தேன், மூன்றாவதை எடுத்தேன், எல்லாம் தரையில் விழுந்த காசுபோல ஜில்லென்று இருந்தன.

"என்னா அது, எனக்கு ஒன்னு கொடு," என்று கட்டிலிலிருந்து எட்டி எடுத்த தாட்சா, "ஸ்ஸ்ஸ்" என்று அதை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றி மாற்றிப் போட்டாள். "ஏய், இப்பத்தான் சுட்டதா? இவ்ளோ சூடா இருக்கு!"

அவள் ஊதி ஊதிச் சாப்பிட்டாள், பாகு இழை இழையாக வந்தது, கண்ணை மூடிக்கொண்டாள். என் பெட்டி. என் அம்மாவின் பெட்டி.

ஒரு தடவை நடந்தது சாட்சியம் ஆகாது என்று எனக்கு நானே வாதாடினேன். அடுத்த மாதப் பெட்டியிலும் அதுவே நடந்தது. மூன்றாவது தடவை அவளுடைய ஆய்வுக்கூடத்திலிருந்து வெப்பமானி கொண்டுவரச் சொன்னேன், அவள் சிரித்துக்கொண்டே கொண்டுவந்தாள். என் கையில் இருபத்தேழு பாகை, அதே பிஸ்கட் அவள் கைக்குப் போனதும் எழுபத்தொன்று. அதற்குள் அவளுக்கு நான் ஊர்ச் சங்கதியெல்லாம் சொல்லியிருந்தேன், அது நான் செய்த பெரிய முட்டாள்தனம், ஏனென்றால் எழுபத்தொன்றைப் பார்த்த தாட்சாயணி, அன்றைக்கு அம்மா ஃபோன் செய்தபோது எட்டி என் தோளுக்கு மேலாக, "நல்லா இருக்கீங்களா ஆண்ட்டி" என்று எப்போதும் கேட்கிறவள், "பசியாறிட்டீங்களாம்மா?" என்று கேட்டாள்.

அம்மா! அவள் வாயில் அந்தச் சொல் எவ்வளவு சுலபமாக வந்தது. அன்றிலிருந்து அவள் செய்கிற எதுவும் எனக்குப் பொறுக்கவில்லை. அவள் கையெழுத்து அச்சடித்ததுபோல இருப்பது பொறுக்கவில்லை, விடியற்காலையில் அலாரம் இல்லாமல் எழுந்திருப்பது பொறுக்கவில்லை, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மீ கோரெங் நூடுல்ஸ் சாப்பிட்டாலும் ஒரு சொட்டு சிந்தாமல் எழுந்து போவது பொறுக்கவில்லை, என் அம்மாவுக்குப் பிடிக்கிற மாதிரி ஒரு பெண்ணை யாரோ அளவெடுத்துச் செய்து என் பக்கத்துக் கட்டிலில் படுக்க வைத்ததுபோல இருந்தது. நான் சிந்துகிறவள். நான் தாமதமாக எழுகிறவள். அம்மா தண்ணீர் ஊற்றித் தூக்கிப் பார்த்தால் எல்லா விரலிலும் ஒழுகுகிறவள்.

கேட்டுவிட்டேன். விடுதி மாடிப்படியில் நின்றுகொண்டு கேட்டேன்.

"ம்மா, அந்த பிஸ்கட் யாருக்கு வாங்குனீங்க?"

"என்னா கேள்வி இது. உனக்குத்தான்."

"வாங்கும்போது யார நெனச்சீங்க?"

"ஏய், லாயர் மாதிரி கேக்காத."

"லாயருக்குத்தான்மா படிக்கிறேன். பதில் சொல்லுங்க."

அந்தப் பக்கம் தொழிற்சாலைச் சங்கு ஊதியது. அம்மா, நான் இன்னும் எதையும் சொல்லாதபோதே, "அந்தப் பிள்ள கையில சுட்டுச்சா?" என்று கேட்டார்.

*அந்தப் பிள்ள.* அவர் குரலில் இருந்ததை நான் பாசம் என்று பதிவு செய்துகொண்டேன்.

"சுட்டுச்சு. எழுபத்தொன்னு."

"சரி விடு," என்றார் அம்மா. "அம்மா இல்லாத பிள்ள. சுட்டா சுட்டுட்டுப் போவுது. லீவுக்கு வரும்போது அவளயும் கூட்டிக்கிட்டு வா, பாப்போம்."

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பத்தொன்பது வருடம் ஒரே கட்டிலில், ஒரே சோற்றில், ஒரே குடையில் இருந்தவளுக்கு இருபத்தேழு பாகை. முகம்கூடப் பார்க்காத ஒருத்திக்கு எழுபத்தொன்று. ஊரில் பவளமக்கா ஃபோன் போட்டு, "குமுது, உன் கையில கொப்புளமே போட்டிருக்குமே இந்நேரம்?" என்று கேட்டபோது, "ஆமாக்கா, மருந்து தடவியிருக்கேன்," என்றேன். வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் என் தொண்டையில் நின்ற பொய் அது ஒன்றுதான்.

ஆண்டிறுதி விடுமுறைக்கு இருவரும் புறப்பட்டோம். பேருந்து முழுக்க நான் ஒரு தீர்மானத்தோடு வந்தேன்: ஊரில் இறங்கியதும் நானே ஒரு பெட்டி வாங்குவேன், அம்மாவை மட்டும், அம்மாவை மட்டுமே நினைத்து வாங்குவேன், அதை எல்லார் முன்னாலும் அம்மா கையில் வைப்பேன், அது சுடும், அவர் கை சிவக்கும், என் மனசில் யார் இருக்கிறார்கள், உங்கள் மனசில் யார் இருக்கிறார்கள் என்று அப்போது கேட்பேன். தாட்சாவைப் பைகளோடு நிறுத்தத்தில் உட்காரச் சொல்லிவிட்டுக் கடைக்குள் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் நான்கு பேர். அம்மாவின் மூக்குத்தி, அம்மாவின் நீலச் சீருடை, ஈரத்திலேயே ஊறி வெளுத்துச் சுருங்கிய அம்மாவின் விரல்நுனி என்று ஒவ்வொன்றாக மனத்தில் அடுக்கி, அர்ச்சனைபோல அம்மா அம்மா அம்மா என்று சொல்லிக்கொண்டே நகர்ந்தேன்.

லாவ் தௌக்கே பெட்டியைச் சிவப்பு நாடாவால் கட்டினார். நான் பணத்தை நீட்டும்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பவளமக்கா நிறுத்தத்தில் நின்று தாட்சாவோடு பேசிக்கொண்டிருந்தார், திறந்த கதவு வழியாகக் குரல் வந்தது. "நீ இந்திராணி வீட்டுப் பிள்ளதானே?" என்றார் பவளமக்கா, வெயிலில் கண்ணை இடுக்கிக்கொண்டு. தாட்சாயணி இல்லை என்று சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. சிரித்தாள். தலையைக் கொஞ்சம் குனிந்துகொண்டு, ஒரு நல்ல சேலையை முதல்தடவை கட்டிப் பார்க்கிறவள்போலச் சிரித்தாள்.

பணம் என் விரலை விட்டுப் போய்விட்டது.

வீட்டுக்குப் போனோம். அம்மா சாம்பார், கருவாட்டுப் பொரியல், பாயாசம் என்று அடுப்பையே கவிழ்த்து வைத்திருந்தார். தாட்சாவைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை பார்த்தார், கையுறையைப் பார்க்கிற பார்வை. "வாம்மா," என்றார். பெட்டியைக் கண்டதும், எங்கள் பின்னாலேயே வந்திருந்த பவளமக்கா வாசலிலிருந்து நாற்காலிக்கு நகர்ந்துவிட்டார். "குமுது அம்மாவுக்கு வாங்கியிருக்கா! பிரி பிரி, எனக்கு மளிகைக்கடைக்குப் போவணும்," என்றார், போகிற எண்ணம் எதுவுமில்லாமல்.

நான் நாடாவை அவிழ்த்து, ஒன்றை எடுத்து, இரண்டு கையாலும் அம்மா கையில் வைத்தேன்.

அம்மா உள்ளங்கையை மடக்கினார், விரித்தார். கவிழ்த்து வைத்துப் பார்த்தார். பவளமக்கா இரண்டு விரலால் அம்மா கையையும் பிஸ்கட்டையும் தொட்டுப் பார்த்தார்.

"ஆறிக்கெடக்கு இந்திராணி," என்றார் மெதுவாக.

"வெளிய மழைக்காத்துக்கா," என்றார் அம்மா. "நல்லாத்தான் இருக்கு. எனக்கு ஆறினதுதான் புடிக்கும்."

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அம்மாவின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை. அந்த நேரத்தில் தாட்சா, யாருக்கும் சங்கடமாக இருக்கக்கூடாது என்று நினைத்திருப்பாள், அவள் எப்போதும் அப்படித்தான், "நான் ஒன்னு எடுத்துக்கவா?" என்று பெட்டிக்குள் கை விட்டாள். அடுத்த நொடி பிஸ்கட் தரையில் கிடந்தது. அவள் விரல்களை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். தரையில் விழுந்த இடத்திலிருந்து ஆவி வந்தது.

"ஆத்தாடி!" என்றார் பவளமக்கா. "கூடப் படிக்கிற பிள்ளமேல இவளுக்கு என்னா பாசம்! பெத்தவளுக்கு ஆறினது, தோழிக்குக் கொள்ளிக்கட்ட. காலம் அப்படிலா போவுது இந்திராணி, நீ மனசுல வெச்சுக்காத."

அம்மா அந்த ஆறின பிஸ்கட்டைத் தட்டில் வைத்தார். சத்தமே இல்லாமல் வைத்தார். "சோறு போடறேன்," என்று எழுந்தார்.

இதற்கு மேல் என்னால் வாயைக் கட்ட முடியவில்லை. நான் செய்யாத குற்றத்துக்குத் தண்டனை வாங்குகிறவள் இல்லை நான். "பாசமா?" என்று கத்தினேன். "எனக்கு இவமேல பாசமா? பவளமக்கா, இவளக் கண்டாலே எனக்கு எரியுது! கடையில நான் அம்மா அம்மான்னுதான் சொல்லிக்கிட்டிருந்தேன், இவ வெளிய இந்திராணி மகள்னு பேர் வாங்கிக்கிட்டு இளிக்கிறா, அதப் பாத்துக்கிட்டே காசு குடுத்தேன். எங்கம்மா பிஸ்கட்டு மாசாமாசம் இவ கையில சுடுது, எனக்கு ஒரு நாளும் சுட்டதில்ல, எட்டு மாசமா இவள நெனச்சு நெனச்சு எனக்குத் தூக்கமில்ல. நான் இவள ஆசையா நெனச்சு வாங்கல, பொறாமையில வெந்து வாங்கினேன். அதுக்கும் சுடுது! பாருங்க, அதுக்கும் சுடுது!"

சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று எனக்கே உறைத்தது. பவளமக்காவின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. ஊரில் இதுவரை பிரித்த பெட்டிகளையெல்லாம் அவர் ஒவ்வொன்றாகத் திரும்பப் பிரிப்பது கண்ணில் தெரிந்தது. எழுந்து, செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு, தெருவில் இறங்கி ஓடினார். அவர் உடம்புக்கு அது ஓட்டம்தான்.

வீட்டுக்குள் மூன்று பேர். அம்மா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கையில் அகப்பையோடு நின்றார்.

"நானுந்தான்," என்றார்.

"என்னாம்மா?"

"நானும் அப்படித்தான்டி வாங்கினேன்." திரும்பவில்லை. "ஃபோன எடுத்தா தாட்சா. ரசம் வெச்சா தாட்சா. தல பின்னினா தாட்சா. உனக்குக் காய்ச்சல்னு எனக்கு யாரு சொன்னா? ரெண்டு நாள் கழிச்சு நீ சொன்ன, தாட்சா பக்கத்துல இருந்தா, சரியாயிருச்சுன்னு. நான் இங்க எவனோ போடப்போற கையுறையில ஓட்ட பாத்துக்கிட்டிருக்கேன், என் பிள்ள நெத்தியில எவளோ கை வெச்சுக்கிட்டிருக்கா. கடைக்குப் போய் நின்னா வேற யாரு ஞாபகம் வரும்? இந்தப் பெட்டியப் பிரிச்சா அவதானே மொதல்ல எடுப்பான்னுதான் வரும். வந்துச்சு. ஒவ்வொரு மாசமும் வந்துச்சு."

"அப்ப நான்?"

"நீ என்னா நீ?" என்று அகப்பையோடு திரும்பினார். "ஒரு நாளாவது உன்ன நெனக்க விட்டாளா இவ?"

இதைத்தான் நான் எட்டு மாதம் கேட்க ஏங்கினேன் என்று சொன்னால் நம்புவீர்களா? எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்து போனது. அம்மா அழுதாரா சிரித்தாரா என்று தெரியவில்லை, மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டார். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்ததில், சோபா ஓரத்தில் சிவந்த விரலோடு நின்றவளை மறந்தே போனோம்.

"அப்ப," என்றாள் தாட்சாயணி.

திரும்பினோம். அவள் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒன்று இருந்தது. மாதாமாதம் கண்ணை மூடிக்கொண்டு அவள் ஊதி ஊதிச் சாப்பிட்டது எதை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது, வெட்கம் காதுவரை ஏறியது. அம்மாவுக்கும் புரிந்திருக்க வேண்டும், "இல்லம்மா, அது வந்து…" என்று ஆரம்பித்து முடிக்காமல் நின்றார்.

"ஒன்னு மட்டும் கேட்டுக்கறேன்," என்றாள். "கடையில காசு குடுக்கும்போது, ரெண்டு பேருமே, என்னையேதான் நெனச்சீங்களா? வேற யாரையும் இல்லையா?"

மறுக்க முடியுமா? எழுபத்தொன்று பாகை சாட்சி. நான் தலையை ஆட்டினேன். அம்மாவும் ஆட்டினார்.

"எங்க சின்னச் சித்தி வீட்டுல மூணு வருஷம் இருந்தேன்," என்றாள் அவள், யாரோ நேரம் கேட்டதற்குப் பதில் சொல்கிறவள்போல. "என் பேர் அவங்களுக்குக் கடைசி வரைக்கும் சரியா வந்ததில்ல."

பிறகு சோபாவுக்கு எதிரே இருந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஒன்றை எடுத்தாள், ஊதினாள், கடித்தாள். பாகு இழுத்தது, எள் உதிர்ந்தது, வாழ்க்கையில் முதல்தடவையாக அவள் வெள்ளைச் சட்டையில் சிந்தியது, அவள் அதைத் துடைக்கவில்லை. இன்னொன்றை எடுத்தாள். வெளியே தெருவில் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன, யாரோ சிதம்பரநாதன் பேரைச் சொல்லிக் கூவினார்கள், எந்த வீட்டிலோ பாத்திரம் பறந்தது. அவள் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. மூன்றாவது. நான்காவது. எல்லாமே அவள் கையில் புகைந்தன.

அம்மா அகப்பையை மேசையில் வைத்துவிட்டு வந்து சோபாவில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். சின்ன சோபா, தோளோடு தோள் இடித்தது, இருவரும் நகரவில்லை. எங்கள் கைக்கு அவை ஆறினதாகத்தான் இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும், இருந்தாலும் ஒவ்வொரு தடவை அவள் கை பெட்டிக்குள் போகும்போதும் எங்கள் நான்கு கண்களும் அதோடு போய், அதோடு வாய்வரை ஏறி, அதோடு இறங்கின. ஏழாவதை அவள் எடுத்தபோது அம்மா என் பக்கம் சாய்ந்து, காதோரமாக, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்:

"ஒன்னாவது வேணுமான்னு கேக்கறாளா பாரு."

"பாத்துக்கிட்டுத்தான்மா இருக்கேன்," என்றேன்.